கயிறு இலேசாக வந்தபோது

ஒலிம்பிக் பந்தயத்தில் எதில் ஜெயிக்க ஆசை என்று என்னை இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் கேட்டிருக்கிறார். எங்கள் கடற்கரை ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். பெர்லின் பட்டணத்தில் நம்முடைய ஹாக்கிக்காரர்கள் ஜெயித்த சேதி பத்திரிகையில் வந்திருந்த வாரம் அது. கடல் கலங்கிக் கிடந்தது. கட்டுமரம் இறக்க வழியில்லாமல் ஆம்பிளைகள் எல்லாரும் சாயாக்கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தோம். வாத்தியார் பத்திரிகையை வாசித்து முடித்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்.

"ஒமக்கு ஒரு மெடல் கெடைக்கும்னா எதுல வேணும்? யோசிச்சுச் சொல்லணும்."

ஒருத்தன் நீச்சல் என்றான். உடனே அடுத்தவன், "ஏலே, நீ மொதல்ல குளிக்கப் படி" என்றான். இன்னொருத்தன் ஓட்டம் என்றான். அவன் பெண்டாட்டிக்குப் பயந்து ஓடுகிற ஓட்டத்தை எல்லாரும் பார்த்திருந்ததால் அதற்கும் ஒரு சிரிப்பு. கடைக்காரர் சாயா ஆற்றிக்கொண்டே, "ஒறங்குறதுக்கு மெடல் உண்டுமா சார்? இவனுவளுக்கு மொத்தமா வாங்கிக் குடுத்திரலாம்" என்றார். என் முறை வந்தது. நான் யோசிக்கவே இல்லை.

"வடம்வலி" என்றேன்.

வடம்வலி என்றால் கயிறிழுப்பு. இழுப்பதை எங்கள் பக்கம் வலிப்பது என்றுதான் சொல்வோம். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"அது முந்தி உண்டும் கேட்டியா. கடைசியா நடந்து பதினாறு வருசம் ஆச்சு. பொறவு வேண்டாம்னு எடுத்துட்டான். இப்ப ஒலிம்பிக்ல வடம்வலி கெடையாது."

"சவம், அதையும் எடுத்துட்டானா!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்கு அப்படித்தான், சட்டென்று மூக்குக்கு மேல் வந்துவிடும். யார் மேல் கோபம் என்று கேட்டால் அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்கிறேன், என் மேல்தான்.

நான் வடம் பிடித்தது அதற்கு எட்டு வருஷம் முந்தி. அன்றைக்கு நான் தோற்றது மெடலை அல்ல. என் அக்காள் புருஷன் ஊரில் இருப்பதா, கொழும்புக்குக் கப்பல் ஏறுவதா என்பது அந்தக் கயிற்றில் இருந்தது.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் வந்தால் சட்டி பறக்கும். அவருக்குக் கோபம் வந்தால் மூக்கைச் சொறிவார், அவ்வளவுதான். அக்காளைக் கட்டி இரண்டாம் வருஷம், கரையில் கட்டுமரத்தைத் தள்ளும்போது தடி உருண்டு அவருடைய வலது முட்டில் விழுந்தது. வைத்தியர் கட்டுப்போட்டார், எண்ணெய் காய்ச்சினார், மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தார்கள். எலும்பு சேர்ந்தது. ஆனால் முட்டு அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. கட்டுமரத்தில் போகிறவன் முட்டுக்குத்தி உட்கார்ந்துதான் துழாவ வேண்டும். முட்டு மடங்காதவனுக்குக் கடல் கிடையாது. இருபத்தாறு வயதில் அந்த மனுஷன் கரையோடு நின்றுபோனார்.

கரையில் அவருக்கு ஒரே வேலைதான் இருந்தது, கரமடி. படகில் பெரிய வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக வலிக்கிற தொழில். எங்கள் கயிற்றின் வாலைப் பிடித்து நிற்பது மச்சான். மடங்காத அந்தக் காலை மணலில் ஊன்றி நின்றாரானால் அலை வந்தாலும் சரி, மடி என்கிற அந்த வலை நிறைய மீன் கிடந்து இழுத்தாலும் சரி, அசைய மாட்டார். கடலுக்கு ஆகாத கால் அதற்கு உதவியது. ஆனால் கரமடி ஐப்பசியில் தொடங்கி மாசியோடு முடிந்துவிடும். மிச்ச மாதங்களுக்கு அக்காள் தலையில் மீன்கூடையைச் சுமந்து உள்நாட்டுச் சந்தைகளுக்கு நடந்தாள். மச்சான் கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு கிழிந்த வலை பொத்துவார். அவருக்கு அது மனசுக்குப் பிடிக்கவே இல்லை.

கயிற்றில் மச்சானுக்கு முன்னால் நிற்பது நான். கயிற்றின் கனம் பார்ப்பது என் வேலை. இதைக் கொஞ்சம் விளங்கச் சொல்லிவிடுகிறேன், இது விளங்காவிட்டால் மற்றது ஒன்றும் விளங்காது. கரமடியில் இரண்டு கூட்டமும் ஒரே அளவில் வலிக்க வேண்டும். ஒரு பக்கம் முந்திவிட்டால் மடி கோணிப்போகும், அடிக்கயிறு தரையைவிட்டு எழும்பும், மீன் அடிவழியாகத் தப்பிவிடும். நம் கையில் கயிறு திடீரென்று இலேசாக வந்தால், அடடா மடி நம் பக்கம் கோணுகிறது என்று அர்த்தம். உடனே வலிப்பதை நிறுத்தி, கொஞ்சம் விட்டுப் பிடிக்க வேண்டும். அலைச் சத்தத்தில் வாயால் கூப்பிட்டால் கேட்காது. அதனால் கனம் பார்க்கிறவன் கயிற்றை இரண்டு தடவை உலுக்குவான். அந்த உலுக்கல் கைக்கு வந்ததும் முன்னால் நிற்கிற எல்லாரும் கேள்வி கேட்காமல் இளக்குவார்கள். எனக்குப் பதினைந்து வயதில் அந்த இடத்தைக் கொடுத்தார்கள். என் கைக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. எனக்கு அதில் கொழுப்பும் இருந்தது.

கரையை ஒட்டி ஒரு சர்க்கார் பங்களா இருந்தது. அதிகாரிகள் வந்தால் தங்குகிற இடம். அதன் காவல்காரர் கிழவராகிப் போய் வேலையை விட்டிருந்தார். பங்களாவுக்கு வந்துபோகிற ஏமான் ஒருவர், எங்கள் பக்கம் அதிகாரிகளை அப்படித்தான் சொல்வோம், காலையில் மணலில் வந்து நின்று நாங்கள் மடி வலிப்பதைப் பார்ப்பார். மச்சான் நிற்கிற நிலை அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு நாள் மச்சானைக் கூப்பிட்டுப் பேசினார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"காவல் வேலைக்கு எட்டுப் பேரு மனு குடுத்திருக்கான். எல்லாவனுக்கும் ஒரு சிபாரிசு. நான் சும்மா ஒனக்குக் குடுத்தேன்னா நாளைக்கே மேல மொட்டைக் கடுதாசி போவும். ராஜா பிறந்தநாளுக்கு நாகர்கோவில்ல வடம்வலி வச்சிருக்கு. ஒங்க ஆளுங்களோட வந்து ஜெயிச்சுக் காட்டு. ஜெயிச்ச வடத்துக்கு வாலு பிடிச்சவன்னு எழுதி ஒனக்குப் போட்டுருவேன். ஒருத்தன் வாய் தொறக்க மாட்டான்."

மச்சான் கையைக் கட்டிக்கொண்டு, "சரி ஏமானே" என்றார். வீட்டுக்கு வந்து மூக்கைச் சொறிந்தார். கோபத்துக்கு மட்டுமல்ல, சந்தோஷத்துக்கும் அவருக்கு அதுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. இதில் ஜெயிக்காவிட்டால் கொழும்புக்குப் போவது என்று முன்னாலேயே முடிவுபண்ணியிருந்தார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே கிட்டங்கியில் மூட்டை தைக்கிற வேலை வாங்கித் தருகிறேன் என்று எழுதியிருந்தார். அக்காள் அந்த எழுத்தை எடுத்து அடுப்பில் போட வந்தாள். "இரி பிள்ளே, ஜெயிச்ச பொறவு போடலாம்" என்றார் மச்சான்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள். வடம் பிடிக்கிற நாங்கள் எட்டுப் பேரும் விடியும்போதே நடந்தோம். அக்காளைக் கூப்பிட்டேன். "நான் வரல்ல மக்கா, எனக்குப் படபடன்னு வரும். சந்தைக்குப் போறேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள். நாகர்கோவிலில் மைதானம் முழுக்கத் தோரணம், பாண்டு வாத்தியம், ஜரிகைத் தொப்பிகள். ஈரத் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். வடத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் துணி. மூன்று தடவை வலிக்க வேண்டும், இரண்டு தடவை துணி யார் பக்கம் வருகிறதோ அவர்களுக்கு ஜெயம்.

முதலில் வந்த இரண்டு கூட்டத்தை நாங்கள் ஊதித் தள்ளிவிட்டோம். கடைசியில் எங்களுக்கு எதிரே நின்றது சுசீந்திரம் பக்கத்து வயக்காட்டு ஆட்கள். உழவுக்காரர்கள். சேற்றில் நின்று பழகிய கால்கள். எங்களைப் பார்த்து ஒருத்தன், "மீன்காரன் மக்கா, மணலு இல்லாம நிக்கத் தெரியுமா?" என்றான். எனக்கு ஏறிவிட்டது. "ஒனக்க கலப்பையைக் கொண்டு வந்து கட்டிக்க, விழாம இருப்ப" என்றேன். மச்சான் பின்னாலிருந்து, "ஏலே, வாயால வலிக்காத" என்றார்.

முதல் தடவை நாங்கள். இரண்டாம் தடவை அவர்கள். மூன்றாம் தடவை வடம் இரண்டு பக்கமும் அசையாமல் கிடந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரே கூச்சல். கையில் தோல் உரிகிறது. எனக்குப் பின்னால் மச்சானின் மூச்சு மட்டும் கேட்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் துணி எங்கள் பக்கம் வர ஆரம்பித்தது. இன்னும் இரண்டு அடி இருந்திருக்கும். அப்போது எதிர்க்கூட்டத்தில் முன்னால் நின்றவன் ஈரத்தில் சறுக்கி விழுந்தான். அவன்மேல் அடுத்தவன் விழுந்தான்.

வடம் என் கையில் இலேசாக வந்தது.

மனுஷனாகப் பிறந்த எவனும் அந்த இடத்தில் என்ன செய்வான்? ஓங்கி ஒரு வலி வலிப்பான். இரண்டு அடிதானே. நான் வடத்தை இரண்டு தடவை உலுக்கினேன்.

என் புத்திக்குத் தெரிவதற்கு முன்னால் கை செய்துவிட்டது. கயிறு இலேசாக வந்தால் நிறுத்து, விட்டுப் பிடி. அவ்வளவுதான் அந்தக் கைக்குத் தெரியும். எங்கள் ஆட்களின் கைகளும் அப்படிப்பட்டவைதான். உலுக்கல் வந்ததும் இளக்கிவிட்டார்கள். மச்சான் ஒருவர்தான் இளக்கவில்லை. தனியாக எட்டுப் பேரின் கனத்தை வாங்கிக்கொண்டு நின்றார். அதற்குள் விழுந்தவன்கள் எழுந்துவிட்டான்கள். எங்களை வாரி இழுத்துக்கொண்டு போனான்கள். நான் சேற்றில் குப்புற விழுந்து கிடந்தேன். பாண்டு வாத்தியம் அவர்களுக்காக வாசித்தது.

ஏமான் வேகமாக வந்தார். அவருக்கு எங்களைவிட ஆத்திரம்.

"என்னடே ஆச்சு? கையில வந்த வடத்தை விட்டுட்டியளே! வடம் ஆடினத நான் பாத்தேன். எவன்டே ஆட்டினது?"

நான் எழுந்து நின்றேன். வாய் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் மச்சான் முன்னால் வந்துவிட்டார்.

"கால் வழுக்கிட்டு ஏமானே. எனக்க காலாக்கும். அதிலதான் வடம் ஆடிப்போச்சு."

ஏமான் அப்போதுதான் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். "அது மடங்காதா?" என்றார். "இல்ல ஏமானே." அவர் நிமிர்ந்தார். பிறகு, "காவல்னா ராத்திரி பூரா சுத்தி வரணும். வழுக்குற காலை வச்சுக்கிட்டு என்னத்தச் செய்வ?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் முதுகு தெரிகிற தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். ஓடினால் பத்தே அடி. "ஏமானே, ஆட்டினது நானாக்கும், இவருக்கக் கால்ல ஒரு கொறையும் இல்ல" என்று சொன்னால் முடிந்தது. எனக்குக் கால் எழவில்லை. கனம் பார்க்கிறவன் கனம் பார்க்கத் தெரியாமல் ஜெயித்த வடத்தைத் தோற்றான் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்குமே என்று ஒரு நினைப்பு. பாழாய்ப்போன நினைப்பு.

திரும்பி நடக்கும்போது எங்கள் ஆட்கள் மச்சானைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். "ஒம்ம நம்பி வந்தோம் பாத்தீரா" என்றான் ஒருத்தன். வடம் ஆடியது அவர்கள் கைக்கும் தெரியும். ஆனால் கால் வழுக்கினால் வடம் ஆடத்தானே செய்யும்? ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மச்சான் பின்தங்கி என்னோடு நடந்தார்.

"நான் ஏமான்கிட்டப் போய் நெசத்தச் சொல்லிருகேன் மச்சான்" என்றேன்.

"பேசாம வா. ஒனக்கக் கைய நம்பித்தான் ஒன்ன கரமடியில வச்சிருக்கான். அது போச்சுன்னா நீ எங்க போவ? எனக்கக் காலு ஏற்கெனவே போனதாக்கும். போன காலுமேல இன்னொரு பழி கெடந்தா என்ன கேடு?"

நான் சரி என்று தலையாட்டினேனா, சும்மா நடந்தேனா என்று ஞாபகம் இல்லை. மனசுக்குள் ஒரு சுமை இறங்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கு அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பழி சும்மா கிடக்கவில்லை. மறுநாள் மடி வலிக்கப் போனபோது மடிக்கு உடையவர் மச்சானைத் தள்ளி நிற்கச் சொன்னார். "நாகர்கோவில்ல வழுக்கின காலு நாளைக்கு இஞ்சயும் வழுக்கும். ஒருத்தன் வழுக்கினா ஒம்பது பேரு அலைக்குள்ள போவான்" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. கால் வழுக்கியது உண்மை என்று அவர் நம்பினார். மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் நின்ற இடத்தில் வேறொருவன் வந்து நின்றான். எனக்குப் பின்னால் வேறு ஒருவன் மூச்சு. நான் கயிற்றைப் பிடித்து வலித்தேன். அன்றைக்கு நல்ல மீன்.

கார்த்திகை முழுவதும் அவர் வீட்டில் இருந்தார். மார்கழியில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் கிளம்பினார். தகரப்பெட்டியை நான் சுமந்துகொண்டு பஸ் வருகிற ரோடு வரைக்கும் போனேன். தூத்துக்குடியில் கப்பல். ஒரு மைல் தூரம் இருவரும் நடந்தோம். மழைத் தண்ணீரைப் பற்றி, கொழும்பில் அரிசி என்ன விலை என்பதைப் பற்றியெல்லாம் பேசினோம். பஸ் வந்ததும் பெட்டியை மேலே ஏற்றினேன். "அக்காளப் பாத்துக்க" என்றார். "சரி மச்சான்" என்றேன். வேறு ஏதோ சொல்ல வருகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, படியில் காலை வைத்துக்கொண்டு என்னையே கொஞ்சம் பார்த்தார். கண்டக்டர் விசில் அடித்தான்.

அவர் போய் இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. ஏமான் பங்களாவுக்கு வந்திருக்கிறார் என்று கேட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு நேராகப் போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். கரமடியில் எப்படி வலிப்போம் என்பதைக் கையால் காட்டிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"எட மடையா, இத அன்னைக்கே சொல்லப்பிடாதா? தோத்தாலும் அவனுக்குத்தான் குடுக்கணும்னு இருந்தேன். ஏழு பேரு இளக்கின பொறவும் ஒத்தையா நின்னான்லா. காலு சரியில்லன்னு அவன் வாயாலயே சொன்ன பொறவு நான் என்ன செய்ய? வேற ஆளைப் போட்டு ஒரு மாசம் ஆச்சு."

வெளியே வந்து பங்களா வேலியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். புதுக் காவல்காரர் வந்து, "என்ன வேணும்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இனிமேல் ஊரில் சொல்லி என்ன பிரயோசனம், வேலைதான் போய்விட்டதே என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

மச்சான் வருஷத்துக்கு இரண்டு மூன்று எழுத்துப் போடுவார். அக்காளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எனக்கும் அப்படியொன்றும் ஓடாது. வாத்தியார் வீட்டுக்குப் போய் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவாள். "சுகமா இரிக்காராம்" என்பாள். ஒரு தடவை வந்து பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போனார். மகளுக்கு ஒரு குடை வாங்கி வந்தார். கரமடி நடக்கிற நேரத்தில் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு கிட்டங்கி வேலை குறைந்து உள்ளே தோட்டத்துப் பக்கம் போனார். அந்த வருஷந்தான் அங்கே மலேரியாக் காய்ச்சல் வீடு வீடாக வந்தது. சேதி எங்களுக்கு வந்துசேரும்போது அடக்கம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கோவிலில் சாமியார் பூசை வைத்தார். மடிக்கு உடையவரும் வந்திருந்தார். "காலு மட்டும் நல்லா இருந்திருந்தா இஞ்சயே இருந்திருப்பான் பாவம்" என்று என்னிடம் சொன்னார். நான் "ஆமா" என்றேன்.

ஆமா என்றேன்! அதைவிடக் கேவலமான சொல் என் வாயிலிருந்து வந்தது இல்லை.

சாயாக்கடையிலிருந்து எழுந்து வந்தேன் என்றேனே, அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராக அக்காள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். நான் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னைக்கு மச்சானுக்குக் காலு வழுக்கல்ல."

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"வடத்த ஆட்டினது நானாக்கும்."

"அதுவும் தெரியும். நான் அங்க நின்னேன்லா. சந்தையில மீன வித்துட்டு, மனசு கேக்காம ஓடி வந்தேன். வேலிக்கு அந்தால பொம்பளைங்களுக்க எடையில நின்னேன். அவருக்க முதுகுக்குப் பின்னால. காலு நட்டுவச்ச குத்தி மாதிரி நின்னுது. ஒனக்கக் கை ரெண்டு தடவ ஆடினதையும் பாத்தேன்."

"எட்டு வருசமா ஒரு வார்த்தை கேக்கல்லியே நீ. ஊருக்கும் சொல்லல்லியே."

"நான் சொன்னா பெண்டாட்டி சொல்லுகான்னு போவும். ஒரு ஆளு நம்பாது. நீ சொன்னாத்தான் நம்புவான். மடிக்காரரு தள்ளி நிக்கச் சொன்ன அன்னைக்கு அவருகிட்டயும் நான் பாத்தேன்னுதான் சொன்னேன். 'பேசாம இரி, அவன் சின்னப் பய, அவனாச் சொல்லுவான்'னு சொன்னாரு." தோல் சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "எழுத்துலயும் அதத்தான் கேப்பாரு. எல்லா எழுத்துலயும் கடைசியில 'தம்பி சொன்னானா?'ன்னு ஒரு வரி இரிக்கும். வாத்தியாரு வாசிச்சிட்டு, அதுக்கு என்ன பதில் எழுதணும்னு கேப்பாரு. ஒண்ணுமில்ல சார்னு சொல்லிருவேன்."

"அவரு எதுக்கு அதக் கேட்டாரு?"

அப்போதுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ சொன்னா மடிக்காரரு அவரத் திரும்ப வாலுல நிப்பாட்டுவாருல்லா. காலுல கொறையில்லன்னு தெரிஞ்சுரும்லா. வந்திரலாம்னு இருந்தாரு மக்கா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டேன்.

"கடைசி எழுத்துலயுமா?"

"கடைசி எழுத்துல, காய்ச்சல் அடிக்குன்னு ஒரு வரியும் அந்தக் கேள்வியும்தான் இருந்து. பதில் எழுத வாத்தியாருக்க வீட்டுக்குப் போனேன். என்ன எழுதன்னு கேட்டாரு. 'இன்னும் இல்ல'ன்னு எழுதச் சொன்னேன்."